கடல் ஓரத்தில் ஒரு மிஸ்டு கால்

எங்கள் ஊரில் ஒருவர் விடியற்காலையில் நடைப்பயிற்சிக்குக் கிளம்பினால், ஒன்று அவருக்குப் புத்தி பிசகியிருக்க வேண்டும், இல்லையென்றால் அவர் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகிற வழியில், சானமாவு காட்டைத் தாண்டி எங்கள் ஊர். ராகி முற்றும் காலத்தில் யானைகள் இறங்கிவிடும். நன்றாக வெளிச்சம் வந்து, வாட்ஸ்அப் குரூப்பில் கூட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தகவல் வந்த பிறகுதான் தெருவில் கால் வைப்போம். வாசல் கோலத்தைக்கூட அந்த நாட்களில் இரும்புக் கேட்டுக்கு உள்ளேயே போட்டுக்கொள்வேன். இப்படிப்பட்ட நான் தினமும் காலையில் கடற்கரையில் கைவீசி நடந்தேன் என்றால் எங்கள் தெருவில் யாரும் நம்ப மாட்டார்கள்.

எங்கள் ஒரே மகள் மஞ்சுளா கர்நாடகக் கடற்கரையில், மல்பேயில் வீடெடுத்துத் தங்கி, அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். மாடிப்படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டு போட்டிருக்கிறது என்று போனில் சொன்னாள். "நீ வர வேணாம்மா, நானே சமாளிச்சுக்குவன்" என்றாள். மஞ்சுளா சமாளித்துக்கொள்வேன் என்று சொன்னால், முடியவில்லை என்று அர்த்தம். நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள். பிள்ளைகளை உதவியாளரிடம் விட்டுவிட்டு, ஒரு பை ராகி மாவோடு கிளம்பினேன்.

கிளம்பும்போது என் கவலை மகளைப் பற்றி இல்லை. அவளுக்குக் கால்தான் உடைந்திருந்தது, வாய் நன்றாகவே இருந்தது. கவலையெல்லாம் வீட்டுக்காரரைப் பற்றி. முனிராஜ் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர். முதல் ஷிப்ட் என்றால் இருட்டோடு பைக்கை எடுத்துக்கொண்டு காட்டுச் சாலையைத் தாண்ட வேண்டும். அவர் போனிலும் அந்தக் குரூப் இருக்கிறது, ஆனால் திறந்து பார்க்க மாட்டார். அவருக்கு நான்தான் குரூப். "இன்னிக்கு அந்த வளைவுல நிக்குதாம், நேரமாவட்டும், பொறுத்துப் போங்க" என்று நான் சொன்னால்தான் பொறுப்பார்.

எங்கள் பக்கத்துப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காட்டைத் தாண்டி வேலைக்குப் போகிற ஆள், கம்பெனி கேட்டில் போனை ஒப்படைக்கும் முன் வீட்டுக்கு ஒரே ஒரு ரிங் விட்டு வெட்டிவிட வேண்டும். இந்தப் பக்கம் யாரும் அதை எடுக்கக் கூடாது. நல்ல செய்தி ஒரு ரிங்கோடு நின்றுவிடும். இரண்டாவது ரிங் அடித்தால் கெட்ட செய்தி. கல்யாணமான நாளிலிருந்து இல்லாவிட்டாலும், கைக்கு போன் வந்த நாளிலிருந்து எனக்குப் பொழுது விடிவது அந்த ஒரு ரிங்கில்தான்.

"அங்க போயும் எனக்கு மிஸ்டு கால் விடணும்" என்று பஸ் ஏறும்போது சொன்னேன்.

"நீ கடலப் பாரு புள்ள. நான் காட்டப் பாத்துக்கறன்" என்றார். அவர் எதையும் பார்த்துக்கொள்கிற ஆள் இல்லை. ஒரு வருஷமாக எங்கள் கேட்டுக்கு எண்ணெய் விடச் சொல்லிக் கத்துகிறேன். அது திறக்கும்போதெல்லாம் பன்றி கத்துகிற மாதிரி கத்துகிறது.

கடற்கரைப் பக்கத்து பஸ்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நம் பக்கத்தில் டவுன் பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். அங்கே தனியார் பஸ்கள் பேய் துரத்துகிற மாதிரி பறக்கின்றன. கண்டக்டர் விசில் ஊதினால் கால் தரையில் பட்டதா என்றுகூடப் பார்க்க மாட்டார்கள். நான் இறங்கிவிட்டேன், என் ராகி மாவுப் பை இறங்கவில்லை. பஸ் போயே போய்விட்டது. "ஐயோ என் மாவு!" என்று நடுரோட்டில் நான் தமிழில் கத்தினேன், தெலுங்கில் கத்தினேன், கடைசியில் கன்னடத்தில் கத்தினேன். பக்கத்துக் கடைக்காரர், "இங்கேயே நில்லுங்க, திரும்பி வரும்" என்றார். வந்தது. என் பையை முன் சீட்டில் ஜன்னல் ஓரமாக உட்கார வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். "உங்க ஆளு ஊர் சுத்திப் பாத்துட்டு வந்திருக்காரு, டிக்கெட் வேண்டாம்" என்றார் கண்டக்டர். மொத்த பஸ்ஸும் சிரித்தது. எனக்கு அழுகைதான் வந்தது. அந்த மாவு கிடைக்காமல் போயிருந்தால் நான் அன்றே திரும்பியிருப்பேன்.

மஞ்சுளாவின் வீடு கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. போன அன்று சாயங்காலமே அவள் நர்ஸ் வேலையை என்னிடம் காட்டிவிட்டாள். விரலில் ஊசி குத்தி மெஷினில் வைத்துப் பார்த்து, "என்னம்மா இது சுகர்? காலையில நடக்கறதே இல்லயா நீ?" என்று கேட்டாள்.

"எங்க நடக்கறது? யானை முன்னாடியா?"

"இங்க யானை இல்ல. நாளையிலிருந்து நீ கடற்கரையில நடக்கற. நான் ஜன்னல்ல உக்காந்து பாப்பன்."

அங்கிருந்து கடல் தெரியாது, அவள் சும்மா மிரட்டினாள். ஆனாலும் மறுநாள் இருட்டு பிரிகிற நேரத்தில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினேன்.

முதல் நாள் நான் கடலைப் பார்க்கவில்லை. சவுக்கு மரங்களின் அடியைத்தான் பார்த்தேன். கறுப்பாக எது தெரிந்தாலும் நின்றேன். ஒன்று கவிழ்த்துப் போட்ட படகு. இன்னொன்று குவித்து வைத்த வலை. மூன்றாவது ஒரு பெரியவர், பின்பக்கமாகவே நடந்து வந்துகொண்டிருந்தார். அது முழங்காலுக்கு நல்லதாம். நம் ஊரில் பின்பக்கமாக நடந்தால் பேய் பிடித்ததென்று வேப்பிலை அடிப்பார்கள். சூரியன் கடலிலிருந்து எழும் என்று படத்தில் பார்த்திருக்கிறேன், அங்கே அது என் முதுகுப் பக்கத்தில் தென்னை மரங்களுக்கு மேலே எழுந்தது. மேற்குக் கடல் என்று அப்போதுதான் உறைத்தது.

வெளிச்சமே வந்துவிட்டது, ரிங் வரவில்லை. ஈர மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அலை வந்து புடவையை நனைத்தது, எழவில்லை. குரூப்பைத் திறந்தேன். 'சானமாவு அருகே கூட்டம் ரோட்டைக் கடக்கிறது, வாகனங்கள் நிறுத்தப்பட்டுள்ளன' என்று போட்டிருந்தார்கள். எந்த வாகனங்கள்? அதில் என் வாகனம் உண்டா? யாரும் போடவில்லை. கடைசியில் ரிங் வந்த பிறகுதான் எழுந்தேன். வீட்டுக்குப் போய்ச் சோற்றை வடிக்க மறந்து குழைய விட்டேன்.

இரண்டாம் நாளும் இதே கதைதான். ரிங் தாமதம், நான் மணலில். மூன்றாம் நாள் நான் கிளம்பவே இல்லை. ரிங் வரும்வரை அடுப்படியில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மஞ்சுளாவுக்குக் கோபம் வந்தது. அன்று சாயங்காலம் அப்பாவுக்குப் போன் போட்டு என் முன்னாலேயே கோள் மூட்டினாள்.

"அப்பா, இது நடக்கறதே இல்ல. போனையே மொறச்சுப் பாத்துட்டு நிக்குது. சுகர் இன்னும் ஏறிடுச்சு. காலொடிஞ்ச நான் இதுக்கு வைத்தியம் பாக்கறதா?"

அவர் சிரித்துக்கொண்டே, "சரி சரி, நான் பாத்துக்கறன்" என்றார்.

மறுநாளிலிருந்து எல்லாம் மாறியது. நான் மணலில் கால் வைப்பதற்குள் ரிங் வந்தது. ஒரே ரிங், உடனே நின்றது. எனக்கே நம்ப முடியவில்லை. "என்ன இவ்வளவு சீக்கிரம்?" என்று சாயங்காலம் கேட்டேன். "ரோட்ட அகலப்படுத்திட்டாங்க புள்ள. பறக்குது வண்டி. கூட்டமும் போடூர்பள்ளம் பக்கம் போயிடுச்சு" என்றார். குரூப்பிலும் அப்படித்தான் போட்டிருந்தார்கள். அப்பாடா என்றிருந்தது.

அதற்குப் பிறகு வந்த காலைகளைப் பற்றி எழுத எனக்கு இப்போதும் ஆசையாக இருக்கிறது, கொஞ்சம் குற்ற உணர்ச்சியாகவும் இருக்கிறது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஈர மணலில் நடந்தேன். விரல் நகம் அளவு நண்டுகள் என் காலடிச் சத்தத்துக்கு ஓடி வளைக்குள் போகும். ஐம்பது வயதைத் தாண்டிய பொம்பளை, யாரும் பார்க்காத நேரத்தில் அவற்றைத் துரத்தினேன்.

நடை முடிகிற இடத்தில் சஞ்சீவண்ணன் டீக்கடை. அவர் வாழைப்பழம் பிசைந்து பொரித்த பன்ஸ் என்று ஒன்று போடுவார். நம் ஊர் பன் இல்லை, பூரி மாதிரி உப்பியிருக்கும், மெல்லிய இனிப்பு. சுகர்காரி நான் தொடக்கூடாது. பாதி தின்பேன். மீதிப் பாதியை நாய்க்குப் போடலாம் என்று வைத்திருந்து அதையும் தின்பேன். மஞ்சுளாவிடம் வெறும் டீ என்று சொல்வேன்.

என் கன்னடம் அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. ஓசூர் சந்தையில் பேரம் பேசிக் கற்ற கன்னடம். நான் வாயைத் திறந்தாலே, "பெங்களூரா?" என்பார்கள். "இல்லை, தமிழ்நாடு" என்றால், "பின்னே எப்படிக் கன்னடம்?" என்பார்கள். எங்கள் ஊரில் பால்காரரிடம் தெலுங்கு, காய்கறிக்காரரிடம் கன்னடம், பிள்ளைகளிடம் தமிழ், கம்பெனியில் இந்தி என்று சொன்னால் அவர்களுக்கு ஆச்சரியம். ஆனால் அவர்கள் தங்களுக்குள் துளு பேச ஆரம்பித்துவிட்டால் எனக்கு ஒன்றும் புரியாது. அப்போதுதான் நான் வெளியூர்க்காரி என்பது தெரியும்.

மீன் விற்கும் கிரிஜக்காவோடு அந்தக் கடையில்தான் பழக்கம். படகு வந்ததும் கூடையை நிரப்பிக்கொண்டு, ஒரு டீ குடித்துவிட்டுத் தெருவுக்குப் போவாள். எங்கள் பக்கத்தில் மீன் என்றால் கிருஷ்ணகிரி டேம் மீன், அதையும் விட்டால் ஐஸில் நாள் கணக்காகக் கிடந்த மீன். அவள் கூடையில் கானாங்கெளுத்தி இன்னும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஒருநாள் அதைக் குழம்பு வைத்து, ராகிக் களியோடு ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் களியை வாயில் போட்டு மென்றாள். "மெல்லாதே, முழுங்கு" என்றேன். முழுங்கினாள். "இதென்ன, தொண்டையில் யாரோ வழுக்கிட்டுப் போற மாதிரி இருக்கு" என்றாள். மறுநாள் இன்னொரு உருண்டை கேட்டாள்.

ஒரு காலையில் என் மானம் போனது. டீயை வாயில் வைக்கப் போகிறேன், துறைமுகப் பக்கம் வெடி. ஒன்று இல்லை, சரமாக. எங்கள் ஊரில் அந்த நேரத்தில் வெடிச்சத்தம் கேட்டால் ஒரே அர்த்தம்தான். யானையைத் துரத்துகிறார்கள், அது நம்மைப் பார்த்து வருகிறது. நான் டீ கிளாஸை விட்டெறிந்தேன். "ஆனெ! ஆனெ! உள்ளே வாங்க!" என்று கன்னடத்தில் கத்திக்கொண்டு, பின்பக்கமாக நடக்கிற அந்தப் பெரியவரைக் கையைப் பிடித்து இழுத்துக் கடைக்குள் தள்ளினேன். கிரிஜக்காவையும் கூடையோடு இழுத்தேன். சஞ்சீவண்ணனின் பாய்லருக்குப் பின்னால் மூவரும் ஒண்டினோம். பிறகு சஞ்சீவண்ணன் மெதுவாக, "அம்மா, புதுப் படகுக்குப் பூஜை. இன்னைக்குத் தண்ணியில இறக்கறாங்க. கடல்ல ஏது ஆனெ?" என்றார்.

அன்றிலிருந்து என் பெயர் ஆனெயம்மா. கடற்கரையில் நடக்கிற எல்லோரும் என்னைப் பார்த்தால் கையைத் தும்பிக்கை மாதிரி தூக்கிக் காட்டுவார்கள். அந்தப் பெரியவர் மட்டும், "என்னை இவ்வளவு அக்கறையா யாரும் இழுத்ததில்லை" என்றார். சாயங்காலம் போனில் சொன்னபோது முனிராஜ் இருமுகிற அளவுக்குச் சிரித்தார். "நல்லா நடக்கறியா? சுகர் கொறஞ்சுதா?" என்று கேட்டார். குறைந்திருந்தது. மஞ்சுளாவே ஒத்துக்கொண்டாள்.

அது நடந்தது இதற்குப் பிறகு ஒரு காலையில்தான்.

அன்று கடல் கொஞ்சம் கோபமாக இருந்தது. நான் வழக்கம்போல மணலில் இறங்கினேன், வழக்கம்போல போன் அடித்தது. அதே நேரத்தில் ஒரு அலை முழங்கால் வரை ஏறி வந்தது. போன் நழுவப் பார்த்தது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்ததில் கட்டைவிரல் எங்கோ இழுத்து, மிஸ்டு காலை எடுத்தாகிவிட்டது. ஐயோ, எடுக்கக் கூடாததை எடுத்துவிட்டேனே என்று காதில் வைத்தேன்.

கிறீ...ச் என்று கேட்டது. பன்றி கத்துகிற சத்தம்.

உலகத்தில் அப்படிக் கத்துகிற கேட் ஒன்றுதான் உண்டு. அது என் வீட்டுக் கேட்.

"எங்க இருக்கீங்க?" என்றேன்.

"கம்பெனி கேட்டாண்ட" என்றார்.

"கம்பெனி கேட்டும் நம்ம கேட் மாதிரியே கத்துதா?"

பதிலுக்கு எங்கள் நாய் குரைத்தது. பால் சொசைட்டி வண்டியின் ஹாரன் கேட்டது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே ரிங் விட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் இந்த மனுஷன் காட்டுக்குள் போயிருக்கிறார். நான் நண்டு துரத்தின நேரமெல்லாம், பன்ஸ் தின்ற நேரமெல்லாம், அவர் அந்த இருட்டில் இருந்திருக்கிறார்.

"பாவி மனுஷா! எத்தன நாளா?"

"மஞ்சு சொல்லுச்சில்ல, நீ நடக்கறதில்லன்னு. நீ நிம்மதியா நாலு எட்டு நடக்கட்டும்னுதான். திட்டாத புள்ள. கூட்டம் போயிடுச்சு, ஒண்ணும் இல்ல."

எனக்கு வந்த கோபத்துக்கு அவர் எதிரில் இருந்திருந்தால் அடித்திருப்பேன். அழுகையும் வந்தது. "போனை வெட்டாதீங்க. சட்டைப் பாக்கெட்டுல வைங்க. நீங்க கம்பெனி போய்ச் சேர்ற வரைக்கும் நான் கேட்டுட்டே வர்றன்" என்றேன்.

"சரி, ஸ்பீக்கர்ல போடறன். நீ பேசறதும் கேக்கும், கடலும் கேக்கும். நான் எங்க கடலப் பாத்தன்?" என்றார்.

இப்படித்தான் நாங்கள் இருவரும் சேர்ந்து கிளம்பினோம். அவர் பைக்கில், நான் மணலில். பைக் சத்தத்துக்கு நடுவில் அவர் சொல்லிக்கொண்டே வந்தார். பள்ளிக்கூடம் தாண்டியாச்சு. ரோஸ் தோட்டத்துக் கொட்டகை தாண்டியாச்சு. ராகிப் போர் போட்ட களம் தாண்டியாச்சு. இனிமேல் காடு. நான் அலையை ஒட்டியே நடந்தேன், அவருக்குக் கேட்கட்டும் என்று. "நல்லா கேக்குது புள்ள, பெரிய மழை வர்ற மாதிரி இருக்குது" என்றார். எனக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நடந்ததே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

திடீரென்று பைக் சத்தம் நின்றது.

"என்னங்க?"

"பேசாத" என்றார். மூச்சு மட்டும்தான் வந்தது.

நான் நின்றேன். மூங்கில் உடைகிற சத்தம் கேட்டது. பட், பட் என்று. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், பிறந்ததிலிருந்து தெரியும். பக்கத்தில்தான். என் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். அப்போது எனக்குப் பின்னால் ஒரு பெரிய அலை விழுந்தது. விழுந்த அலையின் சத்தம் ஒரு கணம் கழித்து மறுபடியும் கேட்டது. போனுக்குள்ளிருந்து.

என் கடல் அவர் சட்டைப் பாக்கெட்டில் இரைந்துகொண்டிருக்கிறது. நடுக்காட்டில், யானைக்கு முன்னால், இந்தப் பாழாய்ப்போன கடலை நான் அவர் நெஞ்சில் வைத்துக் கத்த விட்டிருக்கிறேன்.

வெட்டலாமா? வெட்டினால் அவர் போனில் டொய்ங் என்று ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகு அங்கே என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. சத்தத்தை மட்டும் நிறுத்த ஏதோ ஒரு பொத்தான் உண்டு என்று மஞ்சுளா காட்டியிருக்கிறாள். எது என்று நினைவு வரவில்லை, தவறாக எதையாவது தொட்டுவிட்டால்? போனை முந்தானையில் சுற்றினேன். இன்னொரு சுற்று. நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டு கடலுக்கு முதுகைக் காட்டி ஓடினேன். உலர்ந்த மணலில் கால் புதைந்தது. எந்தப் பக்கம் ஓடினாலும் சத்தம். துறைமுகத்தில் படகு மோட்டார், டீக்கடையில் ரேடியோ. சவுக்கு மரங்களுக்கு அடியில் ஒரு படகு கவிழ்ந்து கிடந்தது. அதன் மறைவில் போய்க் குந்தி, போன் மேல் கவிழ்ந்துகொண்டேன்.

கிரிஜக்கா பார்த்துவிட்டாள். கூடையோடு ஓடிவந்து, "ஆனெயம்மா! என்ன ஆச்சு? வலிக்குதா?" என்று உரக்கக் கேட்டாள். நான் எட்டி அவள் வாயைப் பொத்தினேன். என் கண்ணைப் பார்த்து என்ன புரிந்ததோ, அவள் கூடையை மெதுவாக மணலில் வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் முந்தானையோடு காதை வைத்துக் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. என் நெஞ்சு அடிக்கிற சத்தம்தான் கேட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எங்கள் குலதெய்வம் முனியப்பனைக் கூப்பிட்டேன், அந்த ஊர்க் கோயில் சாமியையும் கூப்பிட்டேன், பெயர் தெரியாமல்.

பிறகு, துணிக்குள்ளிருந்து, பைக் உதைக்கிற சத்தம். ஒரு உதை. இரண்டு உதை. வண்டி கிளம்பியது.

நான் சுற்றை அவிழ்க்கப் பார்த்தேன். முந்தானை சிக்கிக்கொண்டது, கிரிஜக்காதான் அவிழ்த்தாள்.

"தாண்டிடுச்சு புள்ள" என்றார் முனிராஜ். "மூணு பெரிசு, ஒரு குட்டி. பெரிசுங்க ரோட்டத் தாண்டிப் போயிடுச்சு. குட்டிதான் நின்னுடுச்சு. கடல் சத்தத்துக்குக் காத விரிச்சுட்டு, என்னையே பாத்துட்டு ரெண்டு எட்டு வந்துச்சு. தாய் திரும்பிப் பாக்குது. போச்சுடா முனிராஜுன்னு நெனச்சன். அப்பத்தான் கடல் நின்னுபோச்சு. குட்டியும் திரும்பிடுச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டார்: "எப்புடி புள்ள கடல நிறுத்துன?"

மணலில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். நடைக்காரர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள், ஒருவரும் தும்பிக்கை காட்டவில்லை. கிரிஜக்கா அவர்களுக்குத் துளுவில் ஏதோ சொன்னாள். எனக்குப் புரிந்த ஒரே வார்த்தை ஆனெ. சஞ்சீவண்ணன் டீயும் முழு பன்ஸும் கொண்டுவந்து கையில் திணித்தார். அன்று அதில் எனக்கு இனிப்பே தெரியவில்லை.

மஞ்சுளாவிடம் நடந்ததைச் சொன்னேன். கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "நீ ஊருக்குப் போம்மா. எனக்கு இங்க ஆள் இருக்காங்க" என்றாள். இந்த முறை அது நிஜமாகவே சமாளிப்பேன் என்ற அர்த்தம்தான். கிரிஜக்கா தினமும் மீன் கொடுத்து, வீட்டையும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். மீதி ராகி மாவை அவளிடம் கொடுத்து, களி கிண்டும் விதத்தை அவள் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது முனிராஜ் கையில் எண்ணெய் டப்பாவோடு கேட் பக்கத்தில் நின்றார். ஒரு வருஷம் கத்தியும் நடக்காதது, அன்று நடக்கப் போனது. டப்பாவைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டேன். "இது கத்தட்டும்" என்றேன்.

இப்போது எங்கள் வீட்டில் மிஸ்டு கால் செல்லாது. அவர் கம்பெனிக்குப் போய்ப் போன் செய்ய வேண்டும், நான் எடுப்பேன். அவர் வாயால் சொல்வதும் செல்லாது. கேட்டில் நிற்கிற செக்யூரிட்டியிடம் போனைக் கொடுக்க வேண்டும். அவர் ஒடிசாக்காரர், அப்போது தமிழ் தெரியாது. ஆரம்பத்தில், "வந்துட்டாரு அம்மா" என்று இந்தியில் சொல்லிவிட்டுச் சிரிப்பார். முனிராஜுக்கு மானம் போகிறதாம், ஷிப்ட் ஆட்கள் எல்லோரும் வரிசையில் நின்று வேடிக்கை பார்க்கிறார்களாம். பார்க்கட்டும். பிறகு என்ன நடந்ததென்றால், பின்னால் நிற்கிற ஆட்களின் வீடுகளிலிருந்தும் பெண்கள் அதையே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இன்று காலையும் கேட் கத்தியது. பைக் போனது. நான் அடுப்பில் டீ வைத்தேன், கொதித்தது, இறக்கினேன், குடிக்கவில்லை. ஆறிக்கொண்டே இருந்தது. போன் அடித்ததும் எடுத்தேன். அந்தச் செக்யூரிட்டி தம்பி இப்போது தமிழ் கற்றுக்கொண்டுவிட்டார். "வந்தாச்சி அம்மா. யானை இல்லே. நீ டீ குடி" என்றார்.

குடித்தேன்.